குறை எண் நாற்பத்தேழு

மரக்காணம்
8.6.2025

அன்புத் தம்பி செந்தமிழுக்கு,

அக்கா சூர்யகலா எழுதுவது. நானும் மகள் பூவிழியும் சுகமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று தெரிந்தால் எனக்கு மனசு ஆறும்.

இந்தக் காலத்தில் என்ன கடுதாசி என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால் "ம்", "சரிக்கா", "அப்புறம் பேசறேன்க்கா" என்று மூன்றே பதில் வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறாய். கட்டைவிரலிடம் நான் என்ன பேசுவது? போஸ்ட் ஆபீசுக்குப் போய் ஆறு கவர் வாங்கி வந்துவிட்டேன். நீயும் கடுதாசியாகவே எழுது.

உன் மாமா பங்குனியில் லாரிக்கு உப்பு ஏற்றும்போது பலகை வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். தொடையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து நீ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போனதை நர்ஸம்மா சொன்னார்கள். நான் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பேச்சு இல்லை. டிவி வேண்டாம். நல்ல வெயில் காயும் பருவம், ஊரே அளத்தில் உப்பு வாருகிறது, இருபத்தைந்து வருஷம் வாரிய மனுஷன் கட்டிலில் கிடந்தால் அப்படித்தான் ஆகும் போல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் இன்னும் உயிரோடு இருக்கிறது. உன் கம்பெனி செய்த 'மடை' விளையாட்டைப் பூவிழி ஏப்ரல் லீவுக்கு வந்தபோது அதில் போட்டுக் கொடுத்தாள். தண்ணீரைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பாத்திக்கும் விடுகிற விளையாட்டு. நான்தான் விளையாடுகிறேன். போன வாரம் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. டிசம்பர் 31க்குப் பிறகு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இது ஓடாதாம். ஏன் ஓடாது? இத்தனை நாள் ஓடியதுதானே? அந்த லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதே நீதான். ஒன்று அதை எடுத்துவிடு, இல்லை இதை நிறுத்தாதே.

எனக்கு இது வேண்டும், தம்பி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும் உன் அக்கா,
சூர்யகலா


சென்னை
27.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. சாப்பாடு மெஸ்ஸில், குறையொன்றும் இல்லை. நீ தலையில் உப்புச் சுமந்துவிட்டு வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பூவிழி ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாளா? மாமாவுக்குத் தையல் பிரித்தாயிற்றா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கம்ப்யூட்டரில் விளையாடுகிறாய் என்பதே எனக்குச் செய்தி.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டாய். 'மடை'யை நூறு பேர் விளையாடினால் தொண்ணூற்றேழு பேர் விண்டோஸில் விளையாடுகிறார்கள். இரண்டு பேர் ஆப்பிள். லினக்ஸில் ஒருவர் இருந்தால் அதிகம். லினக்ஸும் ஒரே வகை இல்லை, ஆளுக்கொரு விதமாக வைத்திருப்பார்கள். ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். விளையாட்டில் நாங்கள் ஒரு புல்லின் நிறத்தை மாற்றினாலும் அத்தனை வகையிலும் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். ஆபீசில் மொத்தமே பதினொரு பேர். அந்த ஒருவருக்காக ஓர் ஆளை ஒதுக்கினால், மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்கான வேலை நிற்கும். பெரிய கம்பெனிகளே இதனால்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் எம்மாத்திரம். டிசம்பரில் விளையாட்டுக்குள் நுழையும் முறையையும் மாற்றுகிறோம், அதனால் பழையதை வைத்தும் ஓட்ட முடியாது. மேலே உட்கார்ந்து எடுத்த முடிவு.

என்னிடம் ஒரு விண்டோஸ் லேப்டாப் சும்மா கிடக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா?

அன்புடன்,
செந்தமிழ்


மரக்காணம்
20.7.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தையல் பிரித்தாயிற்று. வாக்கர் வைத்துப் பத்தடி நடக்கிறார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே சாப்பிடுகிறார். எனக்குக் குதிகாலில் உப்பு அரித்த புண், எப்போதும் வருவதுதான், விளக்கெண்ணெய் போடுகிறேன்.

நீ சொன்ன கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. லாரிக்காரனும் பெரிய குவியல் இருக்கிற வரப்புக்குத்தான் வருவான். மூலையில் அரைக் குவியல் வைத்திருப்பவன் வெயிலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதை அவன் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அரைக் குவியலும் உப்புத்தானே?

லேப்டாப் அனுப்பாதே. உன்னிடமிருந்து ஒரு பொருள் வந்தால் உன் மாமா வீட்டுக்குள் விடமாட்டார், உனக்கே தெரியும். 2023 தீபாவளிக்கு அத்தனை பேர் நடுவில் உன்னைப் பார்த்து, "ஏம்பா, பேங்க் வேலைய விட்டுட்டு வெளாட்டு கம்பெனிக்குப் போறேன்னு சொல்றியே, வெளாட்டெல்லாம் ஒரு வேலையா? நாலு பேரு கேட்டா நா இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அன்றைக்குப் போனவன் இன்றுவரை வாசல் மிதிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மண்ணில் செய்த பொம்மைகள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். விளையாட்டில் ஏதாவது தப்பாக நடந்தால் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் வைத்திருக்கிறீர்களே, அதில் இதுவரை முப்பத்தொரு குறை அனுப்பியாயிற்று. முப்பத்தொன்றுக்கும் ஒரே பதில். "இது லினக்ஸ் சார்ந்த பிரச்சினை. விண்டோஸில் முயன்று பார்க்கவும். நன்றி." கடைசியில் நன்றி வேறு. இதை எழுதிய புண்ணியவான் யார் என்று தெரிந்தால் சொல். 'கடைசிப் பாத்தி' என்ற பெயரில் போகும் குறைகள் எல்லாம் இந்த வீட்டிலிருந்து வருபவை.

அக்கா,
சூர்யகலா


சென்னை
16.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமா பத்தடி நடக்கிறார் என்பதைப் படித்து நிம்மதியாக இருந்தது. உன் குதிகாலை டாக்டரிடம் காட்டு.

'கடைசிப் பாத்தி' நம் வீடா! ஆபீசில் அந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. திங்கட்கிழமை காலையில் வந்ததும், "இன்னிக்கு கடைசிப் பாத்தில இன்னா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். கேலியாகத்தான். ஆனால் நேற்று உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். ஒன்றைக் கீழே தருகிறேன், நீயே பார்.

"குறை எண் 19. என்ன செய்தீர்கள்: விளையாட்டின் மூன்றாம் மட்டத்தில் மேல் வாய்க்காலில் தண்ணீரைக் கட்டி நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் எதையும் தொடவில்லை. பிறகு கடைசிப் பாத்திக்கு மடை திறந்தேன். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்: தண்ணீர் போய் நிற்கும். என்ன நடந்தது: வாய்க்காலில் இருந்த தண்ணீர் முழுவதும் காணவில்லை. ஆவியாகவும் இல்லை, கசியவும் இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் இதேதான். எந்தக் கம்ப்யூட்டர்: லினக்ஸ்."

பெரிய படிப்புப் படித்துவிட்டு வருகிறவர்கள் எழுதும் குறைகளைத் தினமும் பார்க்கிறேன் அக்கா. "வேலை செய்யல, சரி பண்ணுங்க" என்று ஒரு வரி இருக்கும். இப்படி ஒரு குறையை என் வேலையில் நான் பார்த்ததில்லை. ஊகம் இல்லை, கோபம் இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது.

ஆனால் இதுவே வினையாகவும் போனது. எங்களுக்கு வரும் நூறு குறைகளில் முப்பத்தெட்டு லினக்ஸ்காரர்களிடமிருந்து வருகிறது. ஆளெண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லாதவர்கள், குறையில் முப்பத்தெட்டு. அப்படி ஓர் அட்டவணை மேலிடத்துக்குப் போனது. அதைப் பார்த்ததும் இந்த ஒரு பிரிவால்தான் இத்தனை தொல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாற்பது நிமிஷம் எதையும் தொடாமல் காத்திருந்தது நீயா? இட்லி வேகும்வரை மூடியைத் திறக்காமல் இருக்கத் தெரியாதவள் நீ.

அன்புடன்,
செந்தமிழ்


மரக்காணம்
14.9.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிடித்துவிட்டாய். நான் இல்லை. உன் மாமாதான்.

உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஏப்ரலில் பூவிழி அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்து இருபத்துமூன்றாம் நாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையைத் திருப்பி, "தண்ணி அப்டி ஓடாதும்மா. அந்த மடைய இப்போ தொறக்காத. மேலயே நிக்கட்டும்" என்றார்.

"அப்பா, கேம்ல யாரும் இவ்ளோ நேரம் வெயிட் பண்ண மாட்டாங்க."

"நா பண்ணுவேன். குடு இப்டி."

கையில் கரண்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணெய் தீய்ந்தது கூடத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் லேப்டாப்பை மடியில் வைக்கவேண்டும் என்பதற்காக எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் மூன்று வாரமாய்ச் சொல்லியும் உட்காராதவர். தமிழில் தட்டுவதற்குப் பூவிழி சொல்லிக் கொடுத்தாள். ஒரே விரலால் தட்டுகிறார். ஒரு குறை எழுத ஒரு மாலை முழுக்க ஆகிறது. எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, படித்துக் காட்டி, "புரியுதா பாரு" என்பார். எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் எழுதியதைத்தான் நீ அப்படிப் புகழ்ந்திருக்கிறாய்.

அவர் காத்திருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அளத்தில் வாய்க்கால் தண்ணீர் முதல் பாத்தியில் ஆரம்பித்துக் கடைசிப் பாத்திக்கு வரக் காலையிலிருந்து மத்தியானம் ஆகும். அவசரப்பட்டு எல்லா மடையையும் திறந்தால் ஒன்றுக்கும் போய்ச் சேராது. அவருக்கு முதலிலிருந்தே கடைசிப் பாத்தியில்தான் வேலை. வரப்பில் குந்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"உன் தம்பிக்குத் தெரிய வேணாம்" என்றார். "வெளாட்டெல்லாம் ஒரு வேலையான்னு கேட்ட வாயி இது. எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவன் செஞ்சத நா வெளாடறேன்னு சொல்றது?"

டிசம்பர் 31 அன்று இது நின்றுபோனால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயப்படுகிறேன். இதற்குத்தான் உன்னிடம் கையேந்தினேன்.

நீ அட்டவணை மேலிடத்துக்குப் போனது என்று எழுதியிருக்கிறாய். தானாக நடந்தா போனது? அதைப் போட்டது யார் என்று நீ எழுதவில்லை. நான் கேட்கிறேன்.

அக்கா,
சூர்யகலா


மரக்காணம்
12.10.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

உன்னிடமிருந்து பதில் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. போனை எடுத்தால் "வேலைக்கா" என்கிறாய். நான் போனில் அதைக் கேட்கப்போவதில்லை, பயப்படாதே.

மழை பிடித்துக்கொண்டது. குவியல்களை எல்லாம் ஓலை போட்டு மூடியாயிற்று. இனித் தை வரைக்கும் அளத்தில் வேலை இல்லை. உன் மாமா காலண்டரில் டிசம்பர் 31ஐ வட்டம் போட்டு வைத்திருக்கிறார். தினமும் காலையில் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் குறை எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. "நின்னுபோற வெளாட்டுக்கு எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டேன். "நமக்கு நின்னா இன்னா, விண்டோஸ்ல வெளாடறவனுக்கு இருக்குமில்ல" என்றார்.

இந்த மனுஷனோடு இருபது வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். இன்னும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை.

அக்கா,
சூர்யகலா


சென்னை
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லாமல் இருந்தது. உனக்கும் பூவிழிக்கும் மாமாவுக்கும் மழைக் காய்ச்சல் எதுவும் வராமல் இருக்கவேண்டும்.

அந்த அட்டவணையைப் போட்டது நான்.

லினக்ஸை நிறுத்தலாம் என்று அதன் அடியில் எழுதியதும் நான்தான். "நன்றி" என்று முடிகிற அந்தப் பதிலை எழுதிய புண்ணியவானும் நானே. 'மேலே எடுத்த முடிவு' என்று உனக்கு எழுதினேன் பார், அது பொய். என் மேஜையில் எடுத்த முடிவு.

உன் செப்டம்பர் கடிதம் வந்த மறுநாள், 'கடைசிப் பாத்தி' அனுப்பிய குறைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அன்றைக்கு நாற்பது இருந்தது, இப்போது நாற்பத்தாறு. படிவத்தில் 'எந்தக் கம்ப்யூட்டர்' என்ற கட்டத்தில் லினக்ஸ் என்று இருந்தால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே லினக்ஸ் குறை என்று தள்ளிவிடுவேன். சொன்னவர் எங்கிருந்து சொல்கிறார் என்பதைப் பார்த்தேன், என்ன சொல்கிறார் என்பதைப் பார்க்கவில்லை. என் அட்டவணை முழுக்க அந்தத் தப்பின் மேல் நின்றது.

ஆகவே, ஒவ்வொன்றாக விண்டோஸில் செய்து பார்த்தேன். பத்தொன்பதாம் குறைக்கு வந்தபோது மூன்றாம் மட்டத்தில் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் மேலாளர் நிவேதா வந்து, "செந்தமிழ், என்ன தியானமா?" என்றார். "தண்ணிக்காகக் காத்திருக்கேன் மேடம்" என்றேன். இருபது நிமிடத்தில் எனக்கு முதுகு வலித்தது. முப்பது நிமிடத்தில் போனை எடுக்கப்போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாமா இதை மூன்று தடவை செய்திருக்கிறார், தொடையில் கம்பியோடு. முப்பத்தெட்டாம் நிமிடம் தண்ணீர் காணாமல் போனது. விண்டோஸில், அக்கா! ஆபீசே எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

ஒரு வருடமாக ஆயிரக்கணக்கான பேர், "மூணாவது மட்டம் திடீர்னு கெட்டுப்போகுது" என்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களுக்கு நடந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்து, எரிச்சலில் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்பத்தாறில் நாற்பத்துமூன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் நடக்கிற குறைகள். லினக்ஸுக்கு மட்டும் உரியவை மூன்றே மூன்று. மற்ற லினக்ஸ்காரர்கள் அனுப்பியதையும் பார்த்தேன், ஏறக்குறைய இதே கதைதான். யாரும் தங்களுக்குச் செய்துதரமாட்டார்கள் என்று பழகிப்போனவர்கள், எது எங்கே உடைகிறது என்று தாங்களே குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் தொல்லை என்று எழுதினேன்.

இதையெல்லாம் எழுதி நிவேதாவிடம் கொடுத்துவிட்டேன். என் அட்டவணை தப்பு என்று மேலே பெரிதாகப் போட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையே போனாலும் பரவாயில்லை.

மாமாவிடம் இதை எப்படிச் சொல்வாயோ, உன் பொறுப்பு. எனக்குத் தைரியம் இல்லை.

செந்தமிழ்


மரக்காணம்
30.11.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ ஒழுங்காகத் தூங்கு.

உன் கடுதாசியைப் படித்து முதலில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுப்பங்கரையில் தனியாக நின்று திட்டியதால் உனக்குக் கேட்டிருக்காது. அப்புறம் முப்பத்தெட்டாம் நிமிடத்துக்கு வந்ததும் அழுதுவிட்டேன். உன் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு பெருமையும். தப்பு செய்தவன் தன் கையாலேயே தப்பு என்று எழுதிக் கொடுப்பதை நான் இதுவரை ஆபீசில் இருப்பவர்கள் யாரிடமும் கேள்விப்பட்டதில்லை.

உன் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அட்டவணை போட்டது நீ என்ற இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நடுவுல ஏதோ வுட்டுட்டியே" என்றார். நான் இல்லவே இல்லை என்றேன். "சும்மா படி" என்றார். படித்தேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு, "அவன் வேலைய அவன் செஞ்சிருக்கான். லாரிக்காரன் குவியலப் பாத்துதான வருவான்" என்றார். நான் உனக்கு எழுதியதையே அவரும் சொல்கிறார். அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "முப்பத்தெட்டு நிமிஷம் சும்மா குந்திக்கினு இருந்தானா? நெசமாவா? அவனா?" மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கவைத்தார்.

மறுநாள் மழை விட்டதும் கோலை எடுத்துக்கொண்டு அளத்து வரப்பு வரைக்கும் நடந்தார். போக அரைமணி, வர அரைமணி. விழுந்ததற்குப் பிறகு அவர் அங்கே போனது அன்றுதான்.

வட்டம் போட்ட தேதிக்கு இன்னும் ஒரு மாதம். என்ன ஆனாலும் எழுது.

அக்கா,
சூர்யகலா


சென்னை
24.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா வரப்பு வரை நடந்ததைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி ஏறினேன். கோல் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் போடச் சொல்.

'மடை' லினக்ஸில் நிற்காது. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டோம். இந்தச் சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் புதுப்பிப்பு வரும். நிவேதா மேடம் எல்லாக் குறைகளையும் படித்துவிட்டு, "நம்ம கண்ல படாததெல்லாம் இவர் கண்ல படுது. இவரையே வெளிய அனுப்பிட்டு நாம என்ன பண்றது?" என்றார். இனி எந்த மாற்றம் செய்தாலும் வெளியிடும் முன் முதலில் 'கடைசிப் பாத்தி'க்குத்தான் வரும். மாமா பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு.

எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. இது 'மடை'க்கு மட்டும்தான். அடுத்த விளையாட்டுக்கு லினக்ஸ் உண்டா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆள் இல்லை என்ற பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. லினக்ஸ் வேலையைச் சனிக்கிழமைகளில் நானே செய்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டின் கடைசியில் செய்தவர்கள் பெயர் ஓடும் இல்லையா, அதில் மாமாவின் பெயரைப் போடவேண்டும் என்று ஆபீசில் எல்லோரும் கேட்கிறார்கள். 'அர்ச்சுனன், மரக்காணம்' என்று போடலாமா? அவருக்குச் சம்மதமா என்று நீ கேட்டு எழுது.

பொங்கலுக்கு நிறைய வேலை இருக்கும் போலத் தெரிகிறது. பார்க்கலாம்.

அன்புடன்,
செந்தமிழ்


மரக்காணம்
4.1.2026

மச்சானுக்கு,

அர்ச்சுனன் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா, பூவிழி எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கோலுக்கு ரப்பர் போட்டாயிற்று. உன் அக்கா வாங்கிய கவரில் இது கடைசி. நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குக் கடுதாசி எழுதி வழக்கமில்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

பெயர் போட்டுக்கொள்ளலாம். உன் பெயருக்குக் கீழே போடு.

குறை எண் 47.

என்ன செய்தீர்கள்: 2023 தீபாவளி அன்று பத்துப் பேர் நடுவில் மச்சானைப் பார்த்து, விளையாட்டெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டேன்.

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்: ஒரு வாரத்தில் கோபம் ஆறி வந்துவிடுவான்.

என்ன நடந்தது: இரண்டு வருஷமாக வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் நான் தூங்கும்போது வந்தான். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்திருக்க வேண்டும்.

எந்தக் கம்ப்யூட்டர்: எல்லாவற்றிலும் இப்படித்தான். தப்பு என் பக்கம்.

திருவான்மியூரில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். போகி அன்று காலையிலேயே நான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். இப்போது அவ்வளவு தூரம் நடக்கிறேன். உனக்கு வேலை இருந்தால் முடித்துவிட்டு மெதுவாக வா. எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

இப்படிக்கு,
மாமா அர்ச்சுனன்